1950, 60களின் அமெரிக்க டிவி தொடர்களில் வந்துபோன குணச்சித்திர நடிகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள், கொஞ்ச நாளில் கதாநாயகனை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் ஆளைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 'இந்த ஆளை நேற்றுதானே வேறொரு தொடரில் தூக்கில் போட்டார்கள்?' என்று தோன்றும். இன்று வங்கி மேலாளராக வருவார், நாளை குதிரைத் திருடனாக வருவார். அந்த முகங்களைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

குணச்சித்திர நடிகரும் விருந்தினர் நடிகரும் ஒன்றா?

ஒன்றல்ல. பெரிய சினிமா நட்சத்திரம் ஒரே ஒரு எபிசோடில் தலைகாட்டினாலும் விருந்தினர்தான். ஆனால் அப்படி வந்தவர்கள் குறைவு. பெரும்பாலான வாரங்களில் அந்த இடத்தை நிரப்பியவர்கள், நட்சத்திர அந்தஸ்து இல்லாமல் நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்கள். பெயர் யாருக்கும் தெரியாது, முகம் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கம் அவர்களைப் பற்றியது.

கதாநாயகன் இருக்கும்போது, வந்துபோகிறவருக்கு ஏன் இவ்வளவு இடம்?

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அந்தக் காலத் தொடரில் கதாநாயகன் மாறவே கூடாது. அடுத்த வாரமும் அவர் அதே தொப்பியோடு அதே இடத்தில் நிற்க வேண்டும். மறு ஒளிபரப்பில் எபிசோடுகள் எந்த வரிசையில் ஓடினாலும் கதை குழம்பக் கூடாது. ஆகவே அவருக்குக் கல்யாணம் ஆகாது, பைத்தியம் பிடிக்காது, பெரிய தப்பு எதையும் செய்துவிட்டு அதோடு வாழவும் மாட்டார். 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் தொடர் 1955 முதல் 1975 வரை 20 சீசன்கள், 635 எபிசோடுகள் ஓடியது. ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் மேட் டில்லனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸ் அத்தனை ஆண்டும் அதே டாட்ஜ் சிட்டியில் அதே ஆளாகவே இருந்தார். எத்தனையோ முறை குண்டடி பட்டார், அடுத்த வாரம் எழுந்து நடமாடினார்.

அப்படியானால் அழுவது யார்? துரோகம் செய்வது, மனம் திருந்துவது, சாவதெல்லாம் யார்? வெளியூரிலிருந்து வரும் ஆள். கதை அவருக்குத்தான் நடக்கிறது. நாயகன் பாதி நேரம் சாட்சி, மீதி நேரம் நீதிபதி.

சில தொடர்கள் இதை ஒளிக்கவே இல்லை. 'வேகன் டிரெய்ன்' (1957–65) மேற்கு நோக்கிப் போகும் வண்டிக் கூட்டத்தின் கதை. அதன் எபிசோடுகளுக்குப் பெரும்பாலும் அந்த வார விருந்தினரின் பாத்திரப் பெயரைத்தான் வைத்தார்கள். முதல் எபிசோடு 'வில்லி மோரனின் கதை'. வில்லி மோரனாக நடித்தவர் எர்னஸ்ட் போர்க்னைன். 'தி ஃப்யூஜிடிவ்' (1963–67) தொடரில் டேவிட் ஜான்சன் செய்யாத கொலைக்காகத் தப்பி ஓடும் டாக்டர். வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு பொய்ப்பெயர். அந்தந்த ஊரின் சண்டையும் கண்ணீரும் உள்ளூர்க்காரர்களுடையவை, அதாவது விருந்தினர்களுடையவை.

'பெரி மேசன்' (1957–66, 271 எபிசோடுகள்) இன்னும் தெளிவான உதாரணம். வக்கீலாக வரும் ரேமண்ட் பர் கடைசிக் காட்சியில் செய்வதெல்லாம் நின்று கேள்வி கேட்பதுதான். குரலைக்கூட அதிகம் உயர்த்த மாட்டார். சாட்சிக் கூண்டிலோ பார்வையாளர் வரிசையிலோ இருக்கும் ஒருவர் மெல்ல மெல்ல நொறுங்கி 'ஆமாம், நான்தான் கொன்றேன்!' என்று வெடிப்பார். அந்த இரண்டு நிமிடம் எடுபட்டால்தான் எபிசோடு எடுபடும். அதைச் செய்பவர் அந்த வாரம் மட்டும் சம்பளம் வாங்க வந்தவர். 1963 தொடக்கத்தில் பர் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்தபோது அவருக்குப் பதில் வேறு வக்கீல்களை வைத்துச் சில எபிசோடுகளை எடுத்தார்கள். அதில் ஒருவர் சினிமா நட்சத்திரம் பெட்டி டேவிஸ். தொடர் தடுமாறவில்லை.

ஒரே முகங்கள் எல்லாத் தொடர்களிலும் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

தேவை அப்படி. 1950களில் ஒரு சீசன் என்றால் 39 எபிசோடுகள்கூட இருக்கும். ஆண்டின் மீதி 13 வாரம் மறு ஒளிபரப்பு அல்லது கோடைகால மாற்று நிகழ்ச்சி. 1950இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூட டிவி இல்லை. 1960இல் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் இருந்தது. பத்தாண்டு முடிவதற்குள் கௌபாய் தொடர்கள் மட்டுமே இரண்டு டஜனுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வாரந்தோறும் ஒரு குடிகாரன், ஒரு விதவை, ஒரு பேராசைக்காரப் பண்ணையார் வேண்டும்.

அரை மணி நேர எபிசோடை மூன்று நாள் போலவும் ஒரு மணி நேர எபிசோடை ஆறேழு நாளிலும் எடுத்து முடிப்பார்கள். திங்கட்கிழமை வந்து இறங்குபவருக்கு ஒத்திகைக்கு நேரம் கிடையாது. வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டும், குதிரை ஏறத் தெரிய வேண்டும், முதல் டேக்கிலேயே வேலை முடிய வேண்டும். அப்படிப்பட்டவரை ஒருமுறை கண்டுகொண்ட தயாரிப்பாளர் விடுவாரா? அடுத்தடுத்துக் கூப்பிட்டார்கள். ஷூட்டிங் இடங்களும் அதே இடங்கள்தான். லாஸ் ஏஞ்சலஸ் ஓரம் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஐவர்சன் பண்ணைப் பாறைகளைப் பத்துத் தொடர்களில் பார்த்துவிட்டால், நடிகர்களைப் போலவே அந்தப் பாறைகளையும் அடையாளம் தெரியும்.

ஒரே தொடரில் ஒரே நடிகர் வேறு வேறு ஆளாக வருகிறாரே, பார்ப்பவர்கள் கேட்கமாட்டார்களா?

கேட்க வழியில்லை. வீட்டில் பதிவு செய்து வைத்துப் பார்க்கும் வசதி அப்போது கிடையாது. போன வருடம் சுட்டுக் கொல்லப்பட்டவர் இந்த வருடம் தாடி வைத்துப் பாதிரியாராக வந்தால், 'எங்கேயோ பார்த்த முகம்' என்பதோடு சரி.

மார்கன் உட்வர்ட் 'கன்ஸ்மோக்'கில் மட்டும் 19 எபிசோடுகளில் வந்தார். விண்வெளித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கிலும் இரண்டு முறை, இரண்டு வேறு ஆட்களாக. மார்க் லெனார்டின் கதை இன்னும் வேடிக்கை. 1966இல் 'ஸ்டார் ட்ரெக்'கில் எதிரி இனமான ராமுலன்களின் தளபதி. அடுத்த ஆண்டு அதே தொடரில், கூர்க் காதுள்ள முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் அப்பா! இரண்டுக்கும் ஒரே கூர்க் காது. அந்தத் தளபதி வேடத்தைப் பார்த்தால் அவரை ஏன் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பது புரியும். தோற்ற எதிரிக்கு அவ்வளவு கண்ணியத்தை டிவியில் யாரும் கொடுத்ததில்லை.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

மூன்று நான்கு வாசல்கள் உண்டு. நியூயார்க் நாடக மேடை ஒன்று. 1950களின் முதல் பாதியில் நேரடியாக ஒளிபரப்பான நாடகத் தொடர்கள் அங்கேதான் நடந்தன. தயாரிப்பு ஹாலிவுட்டுக்கு நகர்ந்தபோது நடிகர்களும் நகர்ந்தார்கள். இன்னொன்று, டிவி வந்ததால் ஆட்டம் கண்ட சினிமா ஸ்டூடியோக்கள். மாதச் சம்பளத்தில் இருந்த துணை நடிகர்களை அவை கைகழுவ, அவர்களுக்கு டிவிதான் சோறு போட்டது.

வானொலிதான் அதிகம் பேசப்படாத வாசல். 'கன்ஸ்மோக்' முதலில் வானொலித் தொடர். 1952இல் தொடங்கி, டிவி வடிவம் வந்த பிறகும் 1961 வரை ஓடியது. அதில் மேட் டில்லன் வில்லியம் கான்ராட். குரல் இடி மாதிரி, உடம்பு பெருத்தது. டிவிக்கு அவரை எடுக்கவில்லை, மற்ற முக்கிய வானொலி நடிகர்களையும் எடுக்கவில்லை. ஆனால் வானொலியில் சில்லறை வேடங்கள் செய்த பலர் டிவி 'கன்ஸ்மோக்'குக்கு விருந்தினராக வந்தார்கள். ஜான் டெனர் அவர்களில் ஒருவர். டிஸ்னியில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தவர், பிறகு வானொலி, பிறகு டிவி. பணக்கார மோசடிக்காரன் வேண்டுமா, கூப்பிடு டெனரை. எனக்குப் பிடித்தது அவர் தோற்றுப்போனவனாக நடிக்கும் எபிசோடுகள்தான். அந்தக் கம்பீரமான குரல் உள்ளே இருந்து உடைவதைக் கேட்கலாம். வானொலி 'கன்ஸ்மோக்'கின் டாக்டர் ஹவர்ட் மக்நியரைப் பின்னால் 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வில் முடிதிருத்துபவர் ஃப்ளாய்டாக அமெரிக்காவே அறிந்தது.

அரசியல் காரணமாகத் தடைசெய்யப்பட்டவர்களும் இருந்தார்களாமே?

இருந்தார்கள். 1950இல் வெளியான 'ரெட் சேனல்ஸ்' என்ற கையேடு, வானொலி, டிவி துறையில் கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் என்று 151 பேரைப் பட்டியலிட்டது. அதில் நடிகர் பர்கெஸ் மெரடித் பெயரும் உண்டு. இன்னொரு நடிகர் ஜெஃப் கோரி 1951இல் நாடாளுமன்றக் குழுவின் முன் நண்பர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். பத்தாண்டுக்குத் திரையில் வேலை இல்லை. வீட்டில் நடிப்பு வகுப்பு நடத்திப் பிழைத்தார். அங்கே படித்தவர்களில் ஜேம்ஸ் டீன், ஜாக் நிக்கல்சன், லியனார்ட் நிமாய் எல்லாம் உண்டு. 1960களில் திரும்பி வந்தவர் செய்த விருந்தினர் வேடங்களில் ஒன்று அறிவியல் புனைகதைத் தொடரான 'அவுட்டர் லிமிட்ஸ்'இன் 1963 எபிசோடு: ஊழியர்களை ரகசியமாக வேவு பார்க்கும் ஒரு இயந்திரத்தின் கதை. வேவு பார்க்கும் தரப்பில் நிற்பவர் கோரிதான்! பாத்திரத் தேர்வு தெரிந்து செய்ததோ என்னவோ, அவர் பேசும் கடைசி உரை சாட்டையடி.

ஜாக் ஈலத்தின் கண்ணுக்கு என்ன ஆயிற்று?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். சிறுவயதில் இன்னொரு பையன் பென்சிலால் குத்தியதில் இடது கண் பார்வை போயிற்று. அந்தக் கண் வேறு எங்கேயோ பார்க்கும். ஈலம் முதலில் ஹாலிவுட்டில் கணக்காளர். நல்ல கண்ணும் கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்ததால் பேரேட்டை மூடிவிட்டு வில்லன் வேடத்துக்கு வந்தார். குறையையே மூலதனமாக்கினார் என்பார்கள். ஆனால் அவரது நேரம் தவறாத நகைச்சுவைதான் மூலதனம் என்பேன். பிற்காலத்தில் சிரிப்பு வேடங்களில் வெளுத்துக் கட்டினார்.

நடிகரின் வாழ்க்கையை ஐந்து கட்டமாகச் சொல்லும் ஒரு பிரபல ஜோக் உண்டு. பல நடிகர்கள் பெயரில் அது உலவினாலும் ஈலம் சொல்லித்தான் அதிகம் பரவியது: 'யார் அந்த ஜாக் ஈலம்?', 'ஜாக் ஈலத்தைக் கூப்பிடு', 'ஜாக் ஈலம் மாதிரி ஒருத்தரைக் கூப்பிடு', 'இளவயது ஜாக் ஈலம் ஒருத்தரைக் கூப்பிடு', கடைசியில் மறுபடி 'யார் அந்த ஜாக் ஈலம்?'

நடிகைகளுக்கு நல்ல வேடங்கள் கிடைத்தனவா?

குறைவாகத்தான். கௌபாய் ஊர்களில் பெண்ணுக்கு விதவை, ஆசிரியை, மதுக்கடைப் பெண் என்று மூன்று நான்கு அச்சுகள்தான். கிடைத்ததில் சிலர் அசத்தினார்கள். ஜெனட் நோலன் ஆர்சன் வெல்ஸின் 1948 'மெக்பத்' படத்தில் லேடி மெக்பத். டிவியில் மலைக்காட்டுக் கிழவிகளாக எத்தனையோ எபிசோடுகள். கணவர் ஜான் மக்இன்டயரும் அதே தொழில். 'வேகன் டிரெய்ன்' நாயகன் வார்ட் பாண்ட் 1960 நவம்பரில் இறந்தபோது வண்டித் தலைவராக வந்தவர் அவர்தான்.

ஒரே ஒரு எபிசோடு பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஆக்னஸ் மூர்ஹெட் நடித்ததைப் பாருங்கள். 'ட்விலைட் ஸோன்' என்ற மாயக்கதைத் தொடரில் 'தி இன்வேடர்ஸ்' எபிசோடு, ஜனவரி 1961. தனி வீட்டில் ஒரு ஏழைப் பெண். கூரைமேல் ஏதோ வந்து இறங்குகிறது. உள்ளங்கை உயர உருவங்கள் வீட்டுக்குள் நுழைந்து அவளைத் தாக்குகின்றன. கதை எழுதியவர் ரிச்சர்ட் மாத்தசன். மூர்ஹெட்டுக்கு ஒரு வார்த்தைகூட வசனம் இல்லை. முனகல், மூச்சிரைப்பு, வலியில் ஒரு கத்தல், அவ்வளவுதான். இதில் ஒரு விசேஷம்: அவரை நாடறியச் செய்தது 1943இல் வந்த ஒரு வானொலி நாடகம். படுக்கையிலிருந்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கும் பெண்ணாக, முழுக்க முழுக்கக் குரலாலேயே நடித்தார். அந்தக் குரலைப் பறித்துக்கொண்டு 'இப்போது நடி' என்கிறது இந்த எபிசோடு. ஏணிப்படி ஏறும்போது அவர் கால் வைக்கும் விதத்தைப் பாருங்கள். அந்தப் பெண் வருடக்கணக்காக யாரோடும் பேசியதில்லை என்பது தெரிந்துவிடும். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

வெள்ளையர் அல்லாத நடிகர்களின் நிலை?

மோசம். செவ்விந்தியத் தலைவர் வேடத்துக்கு உண்மையான பழங்குடி நடிகரைத் தேடியது அரிது. 'ப்ரோக்கன் ஏரோ' தொடரில் அப்பாச்சி இனத் தலைவர் கோச்சீஸாக நடித்த மைக்கேல் அன்சாரா சிரியாவில் பிறந்தவர். நல்ல நடிகர், சந்தேகமில்லை. 'லோன் ரேஞ்சர்' தொடரில் நாயகனின் பழங்குடித் தோழன் டோன்டோவாக வந்த ஜே சில்வர்ஹீல்ஸ் மோஹாக் என்ற பழங்குடி இனத்தவர். 1960களில் பழங்குடி நடிகர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பட்டறையையே தொடங்கினார்.

கறுப்பின நடிகர்களுக்கு வாசல் மெல்லத் திறந்தது. 1960இல் 'ட்விலைட் ஸோன்' ஒரு குத்துச்சண்டை வீரரின் கதையைக் கிட்டத்தட்ட முழுக் கறுப்பினக் குழுவோடு எடுத்தது. ஐவன் டிக்சன் நாயகன். கதையில் இனப் பிரச்சினை ஒரு வரிகூட இல்லை. அன்று அதுதான் புதுமை. 'நேக்கட் சிட்டி' விருந்தினர் வேடத்துக்காக டயான் கேரல் 1963இல் எம்மி என்ற டிவி விருதுக்குப் பரிந்துரை பெற்றார். ஆசிய நடிகர்கள் சமையல்காரர், சலவைக்காரர், ஒற்றர் என்றே சுழன்றார்கள். அலுத்துப்போன ஜேம்ஸ் ஹாங், மாக்கோ முதலானோர் 1965இல் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். ஹாங்குக்கு ஹாலிவுட் நடைபாதை நட்சத்திரம் 2022இல், 93 வயதில் வந்தது.

ஐரோப்பிய உச்சரிப்பு தேவைப்பட்டால் நெஹமையா பெர்சாஃப். ஜெருசலேமில் பிறந்த யூதர், நியூயார்க் சுரங்க ரயிலில் மின் வேலை பார்த்தவர். 1959 'ட்விலைட் ஸோன்' எபிசோடு ஒன்றில் அவர் நாஜி நீர்மூழ்கிக் கப்பல் தலைவன். 102 வயது வரை வாழ்ந்தார்.

மறு ஒளிபரப்பாகும்போதெல்லாம் இவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

இல்லை, இதுதான் பெரிய வயிற்றெரிச்சல். அன்றைய ஒப்பந்தங்களில் முதல் சில மறு ஒளிபரப்புகளுக்கு மட்டும்தான் பங்கு. அதற்குப் பிறகு எத்தனை முறை ஓடினாலும் கையில் ஒன்றும் வராது. 1974 ஒப்பந்தத்தில்தான் நடிகர் சங்கம் இந்த எண்ணிக்கை வரம்பை நீக்கியது. அதற்கு முன் எடுத்தவற்றுக்கு அது பொருந்தாது. ஐம்பது ஆண்டுகளாக ஏதாவது ஒரு சேனலில் தினமும் ஓடும் எபிசோடிலிருந்து அதில் நடித்தவருக்கு ஒரு காசு வராத நிலை இப்படித்தான் வந்தது.

'ஸ்பெஷல் கெஸ்ட் ஸ்டார்' என்று தனியாகப் போடுவது எதற்கு?

பெரும்பாலும் கௌரவத்துக்கு. விருந்தினர் சம்பளத்துக்குத் தொடர்கள் ஒரு உச்சவரம்பு வைத்திருந்தன. பணத்தில் கூட்ட முடியாததை டைட்டில் கார்டில் கூட்டினார்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் தனியாக என்பதற்கு ஏஜென்டுகள் மல்லுக்கட்டுவார்கள். 'பேட்மேன்' (1966–68) இதையே கேலியாக்கி 'ஸ்பெஷல் கெஸ்ட் வில்லன்' என்று போட்டது. அதில் பெங்குவினாக வந்தவர்தான் முன்பு சொன்ன பர்கெஸ் மெரடித். ஜோக்கராக வந்த சீசர் ரொமேரோ மீசையை எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளை மேக்கப்பை மீசைமேலேயே பூசிவிட்டார்கள். நெருக்கக் காட்சிகளில் மீசை நன்றாகவே தெரியும்.

இப்படி வந்தவர்களில் பின்னால் நட்சத்திரமானவர்கள்?

பட்டியல் நீளம். ராபர்ட் ரெட்ஃபோர்ட், ராபர்ட் டுவால், சார்லஸ் பிரான்சன், பர்ட் ரெனால்ட்ஸ் எல்லாரும் 'ட்விலைட் ஸோன்' வழியாகப் போனவர்கள். வில்லியம் ஷாட்னரும் லியனார்ட் நிமாயும் 'ஸ்டார் ட்ரெக்'குக்கு முன்பே, 1964இல், 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொடரின் ஒரு எபிசோடில் சேர்ந்து வருகிறார்கள். ஆனால் இதைத் தேடித்தேடிப் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் அலுப்பு. பிறகு பெரிய ஆளானதால் மட்டுமே அந்த எபிசோடு நன்றாக இருந்துவிடாது.

வயதான பிறகு நடிக்க வந்தவர் யாரோ இருந்தாராமே?

பர்ட் மஸ்டின். 1884இல் பிறந்தவர். கார் விற்பனையாளராகக் காலம் தள்ளிவிட்டு 67 வயதில் முதல் படம். 'லீவ் இட் டு பீவர்' தொடரில் தீயணைப்பு நிலையத்துத் தாத்தா கஸ். 1977இல் சாகும்வரை டிவியின் ஆஸ்தான கிழவர் அவர்தான்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

நீங்கள் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) பார்த்திருக்கிறீர்களா? அதைத் தன் டிவி தொடரின் தொழில்நுட்பக் குழுவை வைத்தே எடுத்தார். துணை வேடங்களிலும் டிவி முகங்களே. பழைய கார் விற்பவர் ஜான் ஆண்டர்சன், கறுப்புக் கண்ணாடி போலீஸ்காரர் மோர்ட் மில்ஸ், ஷெரீஃப் ஜான் மக்இன்டயர், கடைசியில் விளக்கம் சொல்லும் மனநல மருத்துவர் சைமன் ஓக்லண்ட். அம்மாவின் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஜெனட் நோலன்!

அப்புறம் 'ட்விலைட் ஸோன்'. நிரந்தர நாயகனே இல்லாத தொடர் என்பதால் எல்லா வாரமும் விருந்தினர் ராஜ்ஜியம்தான். மெரடித், ஜாக் க்ளக்மன், ஜான் ஆண்டர்சன் மூவரும் ஆளுக்கு நான்கு எபிசோடு. 'தி இன்வேடர்ஸ்' முடித்த கையோடு 1961இல் வந்த 'எ கேம் ஆஃப் பூல்' பாருங்கள். ஒரு பில்லியர்ட்ஸ் அறை, க்ளக்மன், எதிரில் செத்துப்போன சாம்பியனாக ஜோனதன் வின்டர்ஸ், வேறு யாரும் கிடையாது. அதன் பிறகு 'கன்ஸ்மோக்'கின் அரை மணி நேரக் கறுப்பு வெள்ளை எபிசோடுகளுக்குப் போங்கள். 1961இல் ஒரு மணி நேரமாக நீட்டுவதற்கு முன் வந்தவை இறுக்கமானவை. திரைக்கதை ஜான் மெஸ்டன் என்று போட்டிருந்தால் தயங்காமல் பாருங்கள். ஆனால் ஊருக்குள் வரும் புதியவர்மேல் ரொம்பப் பாசம் வைக்காதீர்கள்.